போன் அடிச்சதெல்லாம் உதவி ஆகாது

கிழக்கு லண்டன்ல ஒரு சமூகக் கூடத்துல பேசினது இது. வர முடியாதவங்க எழுதிப் போடச் சொன்னாங்க, அதனால பேசினது பேசின மாதிரியே.

எல்லாருக்கும் வணக்கம். பெரியவங்க நிறைய பேர் வந்திருக்கீங்க, காலேஜ் படிக்கிற பிள்ளைங்களும் வந்திருக்காங்க, ரொம்ப சந்தோஷம்.

நேரா விஷயத்துக்கு வந்துடுறேன். இந்த நாட்டுல உங்க வீட்டை உடைச்சுத் திருடினாலோ, ரோட்டுல யாராவது அடிச்சாலோ, வீட்டுக்குள்ளயே அடி வாங்கினாலோ, போன்ல பேசி பேங்க் காசை உருவினாலோ, அப்படிப் பாதிக்கப்பட்டவங்களைப் பார்த்துக்கறதுக்குன்னே கவர்மெண்ட் பணம் ஒதுக்குது. அந்த வேலையில பெரும்பகுதியை கவர்மெண்ட் ஆபீஸே செய்யறதில்ல, சேரிட்டிங்ககிட்ட காசைக் குடுத்து செய்யச் சொல்லுது. காசை வாங்கின சேரிட்டி, எத்தனை பேருக்கு என்ன செஞ்சோம்னு ரிப்போர்ட் எழுதிக் குடுக்கணும். அந்த ரிப்போர்ட்டைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப்போறேன். ரிப்போர்ட்ல என்ன இருக்கு பேசன்னு உங்களுக்குத் தோணலாம். ஆனா அடுத்த வருஷம் எந்த ஊருக்கு எத்தனை ஆள், எந்த மொழிக்கு எவ்வளவு காசுன்னு முடிவு பண்ற மேசையில முதல்ல எடுத்து வைக்கிறது அதைத்தான். நம்ம ஆளுங்க பட்ட கஷ்டம் அதுல ஏறலைன்னா, முடிவு பண்றவங்களுக்கு அது நடக்கவே இல்ல.

முதல்ல இது எங்கேர்ந்து வந்துச்சுன்னு கொஞ்சம். 1974ல பிரிஸ்டல்ல சில பேர் சேர்ந்து ஆரம்பிச்சாங்க. அது வரைக்கும் குற்றம்னா போலீஸ், வக்கீல், ஜட்ஜ், ஜெயில், குற்றவாளியை எப்படித் திருத்தறது, இவ்வளவுதான் பேச்சு. அடிபட்ட மனுஷன் கோர்ட்டுக்கு ஒரு சாட்சி, அதோட அவன் ஜோலி முடிஞ்சுது. பிரிஸ்டல்ல என்ன பண்ணாங்கன்னா, போலீஸ்கிட்டேர்ந்து பேர், அட்ரஸ் வாங்கிட்டு, வாலண்டியர்ஸ் நேரா வீட்டுக்கே போய் கதவைத் தட்டி, நாங்க போலீஸ் இல்ல, உங்களுக்கு ஏதாவது உதவி வேணுமான்னு கேட்டாங்க. ஒடஞ்ச பூட்டை மாத்தறது, இன்ஷூரன்ஸ் ஃபார்ம் எழுதிக் குடுக்கறது, பக்கத்துல உக்காந்து பேச விடறதுன்னு சின்னச் சின்ன வேலைதான். அது பத்திக்கிட்டு நாடு பூரா பரவி, 1979ல தேசிய அளவுல ஒரு சங்கமாச்சு. 80கள்ல ஹோம் ஆபீஸ் பணம் குடுக்க ஆரம்பிச்சுது. 2008ல உள்ளூர் குழுக்கள் ஒண்ணு சேர்ந்து ஒரே சேரிட்டி ஆச்சு. அதுதான் விக்டிம் சப்போர்ட். கொலையில ஆளைப் பறிகொடுத்த குடும்பங்களுக்குன்னு 2010லேர்ந்து மினிஸ்ட்ரி ஆஃப் ஜஸ்டிஸ் பணத்துல தனியா ஒரு சர்வீஸும் நடத்துறாங்க.

அப்புறம் பணம் வர்ற வழியே மாறிடுச்சு. முன்னாடி லண்டன்லேர்ந்து நேரா மொத்தமா சேரிட்டிக்குப் போகும். 2014க்கு அப்புறம் மினிஸ்ட்ரி அந்தப் பணத்தை ஏரியா ஏரியாவா போலீஸ் அண்ட் க்ரைம் கமிஷனர்ங்களுக்குப் பிரிச்சுக் குடுக்குது, அதாவது ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கறோமே அவங்களுக்கு. அவங்க டெண்டர் விட்டு ஒரு சேரிட்டியைப் பிடிப்பாங்க. ஒரு ஏரியாவுல விக்டிம் சப்போர்ட் இருக்கும், பக்கத்து ஏரியாவுல வேற ஒரு அமைப்பு இருக்கும். லண்டன்ல கமிஷனர் கிடையாது, மேயரோட மோபாக் ஆபீஸ்தான் அந்த வேலையைப் பார்க்குது, அவங்க 2019 ஏப்ரல்ல லண்டன் விக்டிம் அண்ட் விட்னஸ் சர்வீஸ்னு ஒண்ணை ஆரம்பிச்சாங்க, விக்டிம் சப்போர்ட் முன்ன நின்னு எடுத்து நடத்துச்சு. டெண்டர், காண்ட்ராக்ட்னு ஆனதும் கூடவே டார்கெட் வந்துச்சு, மூணு மாசத்துக்கு ஒரு ரிப்போர்ட் வந்துச்சு.

இந்தப் பணம் யாரோடதுன்னும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. நம்ம வரி இருக்கு, அதோட கோர்ட்ல தண்டனை வாங்கறவங்க கட்டற விக்டிம் சர்சார்ஜ் இருக்கு. 2007ல அது வந்தப்ப 15 பவுண்ட். இப்ப ஃபைன் போட்டா ஃபைன்ல 40 சதவீதம், 2,000 பவுண்ட் வரைக்கும் போகும், ரெண்டு வருஷத்துக்கு மேல ஜெயில்னா 228 பவுண்ட். அதனால ரிப்போர்ட் கேக்கறது சேரிட்டியைச் சந்தேகப்படறதுன்னு யாரும் நினைச்சுக்க வேண்டாம். நல்ல மனசோட ராத்திரி பகல் பார்க்காம உழைக்கிற எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கேன். அவங்க உழைப்பு ஒழுங்காத் தெரியணும்னுதான் நானும் இதைப் பேசறேன்.

சரி, ஒரு சம்பவம் சொல்றேன். எங்க குடும்பத்துக்கு ரொம்ப வேண்டிய ஒரு அம்மா, எழுபது வயசுக்கு மேல, லண்டனுக்கு வெளியில இருக்காங்க. எந்த ஊர், எந்த அமைப்புன்னு சொல்லப்போறதில்ல. தீபாவளிக்கு முன்னாடி, கோயிலுக்குப் போயிருந்த நேரத்துல பின்பக்கக் கதவை உடைச்சு நகை பூரா எடுத்துட்டுப் போயிட்டாங்க. அவங்க அம்மா போட்ட காப்பு, மகளுக்குன்னு சேர்த்து வெச்ச ஆரம், தாலிக்கொடி எல்லாம் போச்சு. போலீஸ் வந்தாங்க, எழுதிக்கிட்டாங்க, ரெஃபரென்ஸ் நம்பர் ஒண்ணு குடுத்தாங்க. உங்களை சப்போர்ட் டீம்லேர்ந்து கூப்பிடுவாங்கன்னு இங்கிலீஷ்ல சொல்லிட்டுப் போனாங்க, அவங்களுக்குப் புரியலை. அடுத்த சில நாள்ல நம்பர் காட்டாம போன் வந்திருக்கு. இந்தக் காலத்துல நம்பர் தெரியாத போனை யாரு எடுப்பா, அதுவும் பேங்க்லேர்ந்து பேசறோம்னு சொல்லி ஏமாத்தறான்னு நாமளே அவங்களுக்கு ஆயிரம் தடவை சொல்லி வெச்சிருக்கோம், அவங்க எடுக்கல. திரும்ப வந்துச்சு, எடுக்கல. அப்புறம் ஒரு லெட்டர் வந்துச்சு, இங்கிலீஷ்ல, உங்களைத் தொடர்பு கொள்ள முயற்சி பண்ணோம், வேணும்னா எங்களைக் கூப்பிடுங்கன்னு. லெட்டரை மடிச்சு சாமி படத்துக்குப் பின்னாடி கரண்ட் பில்லோட சொருகி வெச்சிருந்தாங்க. நான் போனப்ப எடுத்துக் காட்டினாங்க. அது வரைக்கும் வாரக்கணக்கா ராத்திரி பின்கதவுக்கு ஒரு டைனிங் டேபிள் சேரை முட்டுக் குடுத்துட்டு, லைட்டை அணைக்காம, ஹால்லயே சோஃபாவுல படுத்திருக்காங்க. உடைஞ்ச பூட்டு மேல இன்னும் பிளைவுட் அடிச்சது அப்படியே இருக்கு.

இப்ப இந்தம்மா ரிப்போர்ட்ல எங்க இருப்பாங்க? போலீஸ் பேரை அனுப்பினாங்க, அது ஒரு ரெஃபரல். போன் பண்ணாங்க, லெட்டர் போட்டாங்க, அது தொடர்பு. உதவி பண்ண முன்வந்தோம்ங்கற கணக்குலயும் அவங்க உண்டு. எல்லாமே உண்மைதான், யாரும் பொய் எழுதல. ஆனா அந்தம்மாவுக்கு ஒரு பூட்டு கூட வரல.

அதனால எந்த ரிப்போர்ட்டை எடுத்தாலும் மூணு நம்பரைப் பிரிச்சுப் பாருங்க. எத்தனை பேரோட பேர் வந்துச்சு, எத்தனை பேர்கிட்ட நிஜமாவே பேசினாங்க, எத்தனை பேருக்கு ஏதாவது ஒண்ணு செஞ்சு முடிச்சாங்க. முதல் நம்பர் எப்பவும் பெரிசா இருக்கும், ஏன்னா போலீஸ்லேர்ந்து பேருங்க மொத்தமா கம்ப்யூட்டர் வழியா வருது. ரெண்டாவது சின்னதாகும், மூணாவது இன்னும் சின்னதாகும், அது இயற்கைதான், எல்லாருக்கும் உதவி தேவைப்படாது, சைக்கிள் காணாமப் போனவர் எனக்கு ஒண்ணும் வேணாம்னு சொல்லிடுவார். ஆனா வேணாம்னு சொன்னவரையும் போனை எடுக்காதவரையும் ஒரே கட்டத்துல போட்டா அங்கதான் தப்பு நடக்குது. வேணாம்னு சொன்னவருக்கு விஷயம் போய்ச் சேர்ந்துச்சு. எடுக்காதவருக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது.

மினிஸ்ட்ரி இதைப் பத்தி யோசிக்கவே இல்லைன்னு சொல்ல மாட்டேன். 2013ல கமிஷனர்களுக்குன்னு ஒரு வழிகாட்டி போட்டாங்க, அதுல ரெண்டு விஷயம்தான் குறின்னு இருந்துச்சு, பாதிக்கப்பட்டவங்க உடனடி அதிர்ச்சியைத் தாங்கணும், அப்புறம் மீண்டு வரணும். அதைப் பார்க்க எட்டு வகையாத் தேவையைப் பிரிச்சாங்க. உடம்பும் மனசும், தங்கற இடம், குடும்பமும் குழந்தைகளும், படிப்பு வேலை, குடி போதை, பணம், வாழ்க்கையைப் பத்தின நினைப்பு, வெளியில நாலு பேரோட பழகறது. படிச்சப்ப எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு, மனுஷங்க கஷ்டம் எப்படியெல்லாம் கிளை விடும்னு தெரிஞ்சவங்க எழுதினது அது. அந்தம்மாவோட சேர், அணைக்காத லைட், கோயிலுக்கே போறதை நிறுத்தினது எல்லாம் இந்த எட்டுல நாலுல வந்துடும். ஆரம்பத்துல எப்படி இருந்தாங்க, முடிக்கும்போது எப்படி இருக்காங்கன்னு மார்க் போட்டு வித்தியாசத்தைக் காட்டறதும் நடக்குது.

ஆனா அந்த முடிக்கும்போதுங்கற இடத்துல ஒரு சிக்கல் இருக்கு. கடைசி வரைக்கும் கூட இருந்து கேள்வித்தாளை நிரப்பினவங்க மட்டும்தான் கணக்குல வருவாங்க. பாதியில விட்டவங்க, வீடு மாறினவங்க, புருஷன் போனைப் பிடுங்கிட்டதால பதில் சொல்ல முடியாதவங்க யாரும் அதுல இல்ல. அதனால எங்க சர்வீஸ்ல இத்தனை சதவீதம் பேருக்குத் திருப்தின்னு போட்டிருந்தா, எத்தனை பேர்கிட்ட கேட்டீங்க, எத்தனை பேர் பதில் சொன்னாங்கன்னு பக்கத்துலயே இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா அந்த சதவீதத்தை நம்பி ஒரு முடிவுக்கும் வராதீங்க.

இன்னொண்ணு, எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம். பெரிய குற்றங்களை விசாரிக்கற க்ரவுன் கோர்ட்ல தேங்கிக் கிடக்கற கேஸ் 70,000க்கு மேல. ஒரு பொண்ணு இன்னைக்குப் புகார் குடுத்தா விசாரணை நடக்க வருஷக்கணக்காகுது, தேதி வரும், மனசைத் தயார் பண்ணிப்பா, லீவு போடுவா, முந்தின நாள் தள்ளி வெச்சுட்டோம்னு போன் வரும். அத்தனை நாளும் அவளோட பேசறது, புகாரை வாபஸ் வாங்கிடறேன்னு அழுதா தாங்கிப் பிடிக்கறது எல்லாம் ஒரு கேஸ் வொர்க்கர். ரெண்டு மூணு வருஷம் அப்படித் தாங்கின வேலை ரிப்போர்ட்ல என்னன்னு ஏறும்? ஒண்ணு. பத்து நிமிஷம் பேசி ஒரு லிங்க் அனுப்பினாலும் ஒண்ணுதான். எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் காசு குடுத்தா எந்த வேலை பெருகும், எந்த வேலை தேயும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. அதனால எத்தனை பேர்ங்கறதோட, ஒரு கேஸ் வொர்க்கர் கையில ஒரே நேரத்துல எத்தனை பேர் இருக்காங்க, ஒருத்தரோட எவ்வளவு நாள் கூட இருந்தாங்கன்னு எழுதுற ரிப்போர்ட்டைத்தான் நான் நல்ல ரிப்போர்ட்னு சொல்லுவேன்.

அதே மாதிரி சேரிட்டி பக்கத்துக் கஷ்டத்தையும் சொல்லணும். 2025-26க்கு மினிஸ்ட்ரி கமிஷனர்களுக்குக் குடுக்கற அடிப்படைப் பணத்துல 4.2 சதவீதம் குறைச்சுட்டாங்க. அதே 2025 ஏப்ரல்ல வேலைக்கு ஆள் வெச்சிருக்கவங்க சம்பளத்து மேல கட்டற எம்ப்ளாயர் நேஷனல் இன்ஷூரன்ஸ் 13.8லேர்ந்து 15 சதவீதமாச்சு, அது ஆரம்பிக்கற சம்பள அளவையும் 9,100 பவுண்ட்லேர்ந்து 5,000க்கு இறக்கிட்டாங்க, சேரிட்டிக்கு அதுல விலக்கு கிடையாது. இந்த சர்வீஸ்ல செலவே ஆள் சம்பளம்தான், மெஷின் கிடையாது. வர்றது குறைஞ்சு போறது கூடினா ஆளைத்தான் குறைக்கணும். போதாக்குறைக்கு 2028 மே மாசத்தோட கமிஷனர் பதவியையே எடுக்கப்போறோம்னு 2025 நவம்பர்ல அறிவிச்சிட்டாங்க. அப்புறம் காண்ட்ராக்டை யார் பார்ப்பா, ரிப்போர்ட் யார்கிட்டப் போகும்னு இந்த இடைப்பட்ட காலத்துல நாம விடாம கேட்டுக்கிட்டே இருக்கணும், ஏன்னா கை மாறும்போதுதான் சின்னச் சமூகங்களோட தேவை முதல்ல விட்டுப் போகும்.

அப்ப நாம யாரைக் கேக்கறது? வழி இருக்கு. இந்த மாதிரிப் பெரிய சேரிட்டி ஒவ்வொண்ணும் நிதியாண்டு முடிஞ்சு 10 மாசத்துக்குள்ள ஆண்டறிக்கையும் கணக்கும், சேரிட்டிங்களைக் கண்காணிக்கிற சேரிட்டி கமிஷன்கிட்டக் குடுக்கணும், அது வெப்சைட்லயே இருக்கும், காசு கட்ட வேண்டாம், பேரைத் தட்டினா வரும். விக்டிம் சப்போர்ட்டோட வருஷம் மார்ச் 31ல முடியுது, அப்ப ஜனவரி முடியறதுக்குள்ள வந்துடணும். அதுல எவ்வளவு கவர்மெண்ட் பணம், எந்த வேலைக்குன்னு குறிப்பிட்டு வந்தது எவ்வளவுன்னு பிரிச்சுப் போட்டிருப்பாங்க. ஆனா அது நாடு பூராவுக்குமான கணக்கு, உங்க தெருவுல என்ன நடந்துச்சுன்னு அதுல தெரியாது. அதுக்கு ஃப்ரீடம் ஆஃப் இன்ஃபர்மேஷன் சட்டம், அதாவது அரசு ஆபீஸ்கிட்ட தகவல் கேட்டு வாங்கற சட்டம் இருக்கு, 2000ல வந்தது. இங்க ஒரு முக்கியமான விஷயம், அந்தச் சட்டம் சேரிட்டி மேல நேரடியாப் பாயாது, கவர்மெண்ட் காசுல நடந்தாலும் பாயாது. ஆனா காசு குடுத்த கமிஷனர் ஆபீஸ் மேல, மோபாக் மேல, மினிஸ்ட்ரி மேல பாயும். அதனால காலாண்டு ரிப்போர்ட் வேணும்னா சேரிட்டிக்கு எழுதாதீங்க, காசு குடுத்தவங்களுக்கு எழுதுங்க, 20 வேலை நாளுக்குள்ள பதில் சொல்லியாகணும். வியாபார ரகசியம்னு சொல்லி சிலதை மறைப்பாங்க, ஆனா எத்தனை பேருக்கு இண்டர்ப்ரெட்டர் குடுத்தீங்கங்கறதுல என்ன வியாபார ரகசியம் இருக்க முடியும்? அதோட 10,000 பவுண்டுக்கு மேல போற காண்ட்ராக்டையும் 500 பவுண்டுக்கு மேல போற செலவையும் கமிஷனர் ஆபீஸ் தானாவே வெளியிடணும்னு 2011லேர்ந்தே விதி இருக்கு. பிள்ளைங்களே, நீங்கதான் இதையெல்லாம் எடுத்துப் பார்க்கணும், உங்களுக்கு அரை மணி நேர வேலை.

நம்ம விஷயத்துக்கு வர்றேன். 2021 சென்சஸ்ல இங்கிலாந்து, வேல்ஸ்ல தமிழ்தான் எங்க முக்கிய மொழின்னு சொன்னவங்க ஒரு லட்சத்துக்கு மேல. ஆனா சர்வீஸ் ரிப்போர்ட்ல எத்னிசிட்டின்னு, அதாவது எந்த இனம்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல இந்தியன், பாகிஸ்தானி, பங்களாதேஷி, சைனீஸ், மிச்சம் எல்லாம் ஏசியன் அதர். தமிழ்நாட்டுலேர்ந்து வந்தவங்க இந்தியன் கட்டத்துல கரைஞ்சுடுவாங்க, யாழ்ப்பாணம், மட்டக்களப்புலேர்ந்து வந்தவங்க ஏசியன் அதர்ல கரைஞ்சுடுவாங்க. தமிழ் பேசறவங்க எத்தனை பேர் உதவி கேட்டாங்க, எத்தனை பேருக்குத் தமிழ்ல பேச ஆள் கிடைச்சுதுன்னு அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து யாராலயும் சொல்ல முடியாது. தேவையே இல்லைன்னு அவங்க நினைச்சா அவங்களைக் குறை சொல்லவும் முடியாது.

ஆனா உரிமை எழுத்துல இருக்கு. பாதிக்கப்பட்டவங்களுக்கு என்னென்ன உரிமைன்னு சொல்ற விக்டிம்ஸ் கோட் முதல்ல 2006ல வந்துச்சு, இப்ப இருக்கற 12 உரிமையும் 2021 ஏப்ரல் 1லேர்ந்து நடைமுறையில இருக்கு. அதுல முதல் உரிமையே, நடக்கறது உங்களுக்குப் புரியணும், நீங்க சொல்றதும் அவங்களுக்குப் புரியணும்ங்கறதுதான், இண்டர்ப்ரெட்டர் கேக்கற உரிமை அதுக்குள்ள வருது. நாலாவது உரிமை, போலீஸ்ல சொன்ன ரெண்டு வேலை நாளுக்குள்ள உங்களை சப்போர்ட் சர்வீஸுக்கு அனுப்பணும். ரெண்டு நாள்ல அனுப்பினாங்களான்னு கணக்கு வெக்கறாங்க, நல்லது. முதல் போன்லயே அவங்க மொழியில பேசினாங்களான்னும் கணக்கு வெக்கச் சொல்லணும். ஒரு கட்டம் கூடப் போட்டா போதும், எந்த மொழியில பேச விரும்பறீங்கன்னு. போன் வரும்போது நம்பரை மறைக்காம, முன்னாடியே தமிழ்ல ஒரு டெக்ஸ்ட் அனுப்பிட்டுக் கூப்பிட்டா அந்தம்மா எடுத்திருப்பாங்க. இதுக்குப் பெரிய செலவு ஒண்ணும் இல்ல.

நம்ம பக்கத்துலயும் ஒண்ணு செய்யணும். கடை வெச்சிருக்கவங்க, பெட்ரோல் ஸ்டேஷன்ல ராத்திரி ஷிஃப்ட் பார்க்கறவங்க, கத்தியைக் காட்டி மிரட்டினாலும் அடுத்த நாள் காலையில கடையைத் திறந்துடறோம், எதுக்கு போலீஸு, எதுக்கு அலைச்சல்னு விட்டுடறோம். கோர்ட்ல சாட்சி சொல்ல பயம் வேற. ஊர்ல போர்க்காலத்துல யூனிஃபார்மைப் பார்த்தாலே நடுங்கினவங்க இங்கயும் போலீஸ்கிட்டப் போக யோசிக்கறாங்க, அதை நான் குறையாச் சொல்லவே மாட்டேன், அவங்க பட்டது அப்படி. ஆனா ஒருத்தரும் சொல்லாம விட்டா, நான் இவ்வளவு நேரம் பேசின முதல் நம்பர்லயே நாம இல்லாமப் போயிடுவோம்.

கடைசியில கேள்வி நேரத்துல ஒரு தங்கச்சி எழுந்து, அண்ணா, போலீஸ்ல சொல்லாதவங்களுக்கு ஒண்ணும் கிடைக்காதான்னு கேட்டாங்க. நல்லாக் கேட்டீங்கன்னு சொல்லிட்டு அவங்களுக்குச் சொன்ன பதிலை இங்கயும் போடுறேன். விக்டிம் சப்போர்ட்டுக்கு நீங்களே நேரா போன் பண்ணலாம், காசு கிடையாது, ராத்திரியும் எடுப்பாங்க, போலீஸ்ல சொல்லியிருக்கணும்னு கட்டாயம் இல்ல, நடந்து எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும் பேசலாம். எடுத்ததும் தமிழ் இண்டர்ப்ரெட்டர் வேணும்னு முதல்லயே சொல்லிடுங்க. அடிபட்டதுக்கு கிரிமினல் இஞ்சுரீஸ் நஷ்டஈடு கேக்கறது மட்டும் வேற கதை, அதுக்குப் போலீஸ்ல சொல்லியிருக்கணும், பெரியவங்களுக்குப் பொதுவா சம்பவம் நடந்து ரெண்டு வருஷத்துக்குள்ள அப்ளை பண்ணணும், தொகை 1,000 பவுண்ட்லேர்ந்து 500,000 வரைக்கும் காயத்தைப் பொறுத்து இருக்கு. தேதி நெருங்கிடுச்சுன்னு யாருக்காவது தோணுச்சுன்னா இன்னைக்கே சொல்லுங்க, ஃபார்ம் நிரப்பத் தெரிஞ்ச ரெண்டு பிள்ளைங்க ஹால் பின்வரிசையில லேப்டாப்போட உக்காந்திருக்காங்க.